கீழ்க்கரையின் நான்கு கற்கள்

மாசி 4

கீழ்க்கரையின் ஒன்பது இசைக்கற்களில் நான்கை அராவிக் கெடுத்துவிட்டார்கள். கை தவறி நடந்ததல்ல. பட்டப்பகலில் பந்தல் போட்டு, தேநீர் கொடுத்து, கைதட்டி நடந்தது. செய்தது தீவுக் கலை வாரியம். செய்வித்தவர் அதன் அதிகாரி ஞானதிரவியம். கற்களைக் கயிற்றிலிருந்து எடுத்துத் தன் கையாலேயே கொடுத்தவள், கீழ்க்கரைக் கற்களை வாசிக்கும் கல்லாளி செங்கணி. எதிர்க்கரையிலிருந்து வந்து, பார்த்துக்கொண்டு, தேநீரும் குடித்துவிட்டுப் போனவர் மேற்கரையின் கல்லாளி ஓரன். மூவர் பெயரும் இந்த நோட்டில் இருக்கட்டும்.

மீதி ஐந்து கற்களை இருபதாம் தேதி அராவப்போகிறார்கள். இருபத்தைந்தாம் தேதி 'முதல் உப்பு' விழா, வருடத்தின் முதல் உப்பை அள்ளும் நாள். அன்று இரு கரையும் வாசிக்க வேண்டும். எனக்கு இருப்பது பதினாறு நாள்.

நான் பொறையன். இரட்டைக்கழியில் நாற்பத்துமூன்று வருடமாகத் தோணி விடுகிறவன். வயது எழுபத்தொன்று. காது கேட்கிறது.

மாசி 5

தோணியின் பொருத்துகளில் பஞ்சு அடைத்துக் குங்கிலியம் பூசினேன். நேற்று அடைத்த இடத்திலேயே இன்றும் கசிவு. ஆடு கட்டுக்கயிற்றைத் தின்றுவிட்டது. பயணிகள் யாரும் இல்லை. பாலம் வந்த ஆறு வருடத்தில் இது புதிதல்ல.

மாசி 6

எது கெட்டது என்பதை எழுதி வைக்கிறேன். இரட்டைக்கழியில் பிறந்தவர்களுக்கே தெரியாது என்பதால் எழுத வேண்டியிருக்கிறது.

உப்பங்கழிக்கு இரண்டு கரை. கரைக்கு ஒன்பது கல். கருங்கல்லைப் பலகைபோல் செதுக்கி, குழியின்மேல் இழுத்துக் கட்டிய இரண்டு பனைநார்க் கயிற்றில் கிடத்தியிருப்பார்கள். புளியங்கட்டைக் கொட்டாப்புளியால் தட்டினால் ஐந்தாறு நொடி நின்று பாடும். மேற்கரை ஒரு கல்லைத் தட்டும். அது அடங்குமுன் கீழ்க்கரை அதே கல்லைத் தட்டும். நூற்றைம்பது தப்படி அகலத் தண்ணீருக்கு மேலே இரண்டு ஒலியும் வந்து சந்திக்கும்.

இரண்டும் ஒரே சுருதி அல்ல. கீழ்க்கரைக் கல் ஒவ்வொன்றும் தன் மேற்கரை இணையைவிட ஒரு மயிரிழை தாழ்ந்தது. வேண்டுமென்றே தாழ்த்தியது. அந்த மயிரிழையால்தான் இரண்டு ஒலியும் கலக்கும்போது ஓசை எழும்பி எழும்பி அடங்குகிறது. அதற்கு அலைவு என்று பெயர். முதல் கல்லின் அலைவு, உறங்குகிறவன் மூச்சு. மூன்றாவது, பசு அசைபோடுவது. ஐந்தாவது, கம்பை ஊன்றி எடுக்கும் கை. ஒன்பதாவது, கைக்குழந்தையின் உச்சிக்குழி துடிப்பது. ஒன்பது கல்லுக்கும் ஒன்பது வேகம். இந்த இடைவெளிகளைக் கணக்கிட்டுச் செதுக்கியவன் எந்தக் கருவியை வைத்துச் செதுக்கினான்? எவனும் சொல்ல மாட்டான். நானும் நாற்பது வருடமாக யோசித்துவிட்டேன். அவன் காதை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

பாட்டு எங்கே முடிய வேண்டும் என்பதையும் மனிதன் முடிவு செய்வதில்லை. கரைச் சேற்றில் கழுத்தளவு புதைத்த ஊதுகுடம் ஒன்று உண்டு. அதன் அடியில் சிறு துளை. ஏற்றத்தண்ணீர் துளை வழியே ஏற ஏற, ஊதுகிறவனின் ஒலி மெல்ல மெல்ல உயரும். கல்லாளிகள் அந்தக் குடத்தைக் கேட்டுத்தான் எந்தக் கல்லிலிருந்து எடுப்பது என்று தீர்மானிக்கிறார்கள். குடம் நிறைந்து ஊதினாலும் பாடாத நிலை வந்ததும் வாசிப்பு நின்றுவிடும். பாதிப் பாட்டானாலும் சரி. கடலுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த சங்கீதம் வேறெங்கும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

இனி முக்கியமான சங்கதி. அலைவு கரையில் கேட்காது. கரையில் நிற்பவனுக்குத் தன் கல்தான் பெரிது. எதிர்க்கரை எங்கோ முனகும். இரண்டும் சமமாக வரும் இடம் நடுத்தண்ணீர் ஒன்றுதான். "நடுத்தண்ணீருக்கு வாசிக்கிறோம்" என்று இரு கரையும் சொல்லிக்கொண்டுதான் உட்காருவார்கள், சாமிக்குச் சொல்வதுபோல. விழா அன்று எந்தப் படகும் நீரில் இறங்கக் கூடாது என்பது முறை. தோணிக்காரன் மட்டும் நடுவில் கம்பு ஊன்றி நிற்க வேண்டும்.

ஆக, நாற்பத்துமூன்று வருடமாக இந்தச் சங்கீதத்தை முழுதாகக் கேட்டவன் ஒருவன்.

மாசி 8

பாலத்தடியில் வாரியத்தின் தற்காலிக அலுவலகம். மனுவோடு போனேன். ஞானதிரவியம் எழுந்து நின்று நாற்காலி போட்டார். மரியாதை தெரிந்தவர், அதை மறுக்க மாட்டேன்.

"ஐயா, ரெண்டு கரைக் கல்லையும் வண்டியில ஏத்திட்டு வந்து பக்கத்துல பக்கத்துல வெச்சுத் தட்டிப் பார்த்தோம். சேரவே இல்லை. கருவியும் அதையேதான் காட்டுது" என்றார்.

"ஒரு கரைக் கல்லு மறுகரை மிதிக்கக் கூடாதுன்னு முறை இருக்கே. ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். யாருக்கும் தெரியலை. தீட்டுன்னாங்க."

"தீட்டும் இல்லை, தேங்காயும் இல்லை. பக்கத்துல வெச்சா உங்களை மாதிரி ஆள் அராவிடுவான்னுதான்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அலைவைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு, "கார்த்திகையில உங்க தோணியில வந்தேனே, அப்ப நீங்க இதைச் சொல்லலையே ஐயா" என்றார்.

அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன். அது வேறு பேச்சு. இங்கே எழுதத் தேவையில்லை.

மனுவை வாங்கி முத்திரை குத்தினார். உத்தரவு மாறவில்லை.

மாசி 9

பல்வலி. கிராம்பு.

மாசி 11

கீழ்க்கரைக்குப் போனேன். படித்துறைக்குப் பத்தடி முன்பே வழக்கம்போல் தோணியை நிறுத்தினேன். இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் நிறுத்துகிறேன். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முழங்கால் தண்ணீரில் நடப்பார்கள். காரணம் செங்கணிக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன், முதல் உப்பு விழா அன்று அவளோடு தாழ்ந்த நான்கு கல்லை வாசிக்கும் ஆள் காய்ச்சலில் விழுந்துவிட்டான். நான் வாசிக்கிறேன் என்று கேட்டேன். எல்லா முறையும் எனக்குப் பாடம். யாரும் சொல்லித்தரவில்லை, ஓட்டுச் சில்லுகளைத் தோணியின் குறுக்குப்பலகையில் அடுக்கித் தட்டித் தட்டி நானே கற்றது. ஊரார் முன்னிலையில் அவள் சொன்னாள்: "நடுத்தண்ணியில நிக்கிறவனுக்குக் கரையில என்ன சோலி?" சொல்லிவிட்டு ஒன்பது கல்லையும் இரண்டு கையால் தனியாகவே வாசித்தாள். குடம் நிறையும்வரை ஒரு கல்லையும் தவற விடவில்லை. அப்படி ஒரு வாசிப்பை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அது அவள் சொன்னதை நியாயமாக்கிவிடாது.

இன்று அவள் படியில் உட்கார்ந்து மீன் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன தோணிக்காரரே, வழி தப்பிட்டீரா?"

"மீதி அஞ்சு கல்லைக் குடுக்காதே."

"ஏன்? நாலு கல்லும் இப்ப வெண்கலமாட்டம் பாடுது. மேற்கரைக்காரன் கல்லுக்கு என் கல்லு கொறைஞ்சதுன்னு கடுதாசியில எழுதிப்புட்டானுக. கொறையோட எதுக்குக் கெடக்கணும்?"

"கொறையில்ல. அதுதான் பாட்டே. நடுவுல வந்து கேட்டாத் தெரியும்."

"நடுவுல வந்து கேக்கணுமாம்! முப்பத்தெட்டு வருசம் வாசிச்ச எனக்கு, கம்பு ஊனுறவரு பாட்டு சொல்லித் தாராரு."

"வந்து கேளு. நான் சொன்னது பொய்யின்னா, சாகுறவரை தோணியை உன் படியில கொண்டாந்து முட்டவைக்கிறேன்."

செதிள் சுரண்டிய கத்தி நின்றது. "இருபத்திரண்டு வருசமா ஊரே சேலையைத் தூக்கிக்கிட்டு நடக்குது. அதுக்காகவாச்சும் வாரேன்."

பதினாறாம் தேதி காலை, ஏற்றம் தொடங்கும் நேரம். சொல்லிவிட்டு உடனே திரும்பிவிட்டேன்.

மாசி 12

கார்த்திகை மாதப் பக்கங்களைப் புரட்டினேன். கையெழுத்து சரியாக இல்லை. மூடிவிட்டேன். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

மாசி 13

ஓரன் வீட்டுக்குப் போய், பதினாறாம் தேதி மேற்கரைக் கற்களைத் தட்ட வேண்டும் என்று கேட்டேன். ஓரன் எனக்கு மூன்று வயது மூத்தவர். பேச்சு குறைவு. கொட்டாப்புளிக்கு ரப்பர் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அராவின அன்னிக்கே எனக்கு ஏதோ மாதிரி இருந்துச்சு, பொறையா."

"அப்ப சொல்லியிருக்கலாமே அண்ணே!"

"என்னன்னு சொல்ல? என் கல்லு சரி, அவ கல்லு தப்புன்னு எழுதியிருந்தானுக. என் கல்லைப் பெருமையாச் சொல்றப்ப நான் எதுக்கு வாயைத் தெறக்க?"

இப்படி ஒரு நேர்மையான பதிலை எதிர்பார்க்கவில்லை. திட்டப் போனவன் காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

ஓரனின் ஏழாவது கல்லை அங்கே அருகிலிருந்து பார்த்தேன். தட்டித் தட்டி அதன் நடுவில் உள்ளங்கை அளவு பளபளப்பு. பத்துத் தலைமுறைக் கை. தொடவில்லை. தொட எனக்கு உரிமையில்லை என்று அவர்கள்தானே சொன்னார்கள்.

மாசி 16

காற்று இல்லை. தண்ணீர் தட்டையாகக் கிடந்தது. இதைவிட நல்ல காலை அமையாது.

நான் சொல்லியனுப்பியபடி ஞானதிரவியம் பாலத்தடியிலேயே ஏறிக்கொண்டார். மடியில் கருவிப்பெட்டி, தோளில் காகிதப் பை. செங்கணி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து ஏறினாள். தோணியில் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். அவள் கற்களுக்கு மருமகள் தாமரையை உட்காரவைத்திருந்தாள். நடுவில் கம்பை ஊன்றிக் கையைத் தூக்கினேன்.

மேற்கரையில் ஓரன் முதல் கல்லைத் தட்டினார். அது அடங்குமுன் தாமரை தன் முதல் கல்லைத் தட்டினாள். இரண்டும் வந்தன. சேர்ந்தன. ஒன்றாகவே தேய்ந்து போயின. ஆணியடித்ததுபோல் நேராக நின்று மடிந்த ஒலி.

"அருமையாச் சேருதே" என்றார் ஞானதிரவியம்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் செங்கணி.

இரண்டு, மூன்று, நான்கு. நான்கும் அப்படியே.

ஐந்தாவது கல். இன்னும் அராவாதது. ஓரனின் ஒலி வந்தது. தாமரையின் ஒலி வந்து அதன்மேல் ஏறியது. எழும்பியது, அடங்கியது. மீண்டும் எழும்பியது, அடங்கியது. தண்ணீர் அசையவில்லை, ஆனால் தோணி மெல்லத் தூக்கித் தூக்கி இறக்கப்படுவதுபோல் அலைவு உடம்பு முழுதும் ஓடியது. நாற்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகும் எனக்கு ரோமம் சிலிர்த்தது.

செங்கணி பலகையில் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தாள், தோணிதான் அசைகிறதோ என்று. பிறகு குனிந்து காதைக் கொடுத்தாள். ஆறு. ஏழு. ஒவ்வொன்றும் முந்தியதைவிட வேகம். ஒன்பதாவது துடித்து அடங்கியபோது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முப்பத்தெட்டு வருசமா இதையா வாசிச்சேன்?" என்றாள். சத்தமே இல்லை. "ஒருத்தரும் எனக்குச் சொல்லலியே."

ஞானதிரவியம் கருவிப்பெட்டியைத் திறக்கவே இல்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "ஐயா, மன்னிக்கணும். இது உங்க வார்த்தை. நான் எழுதிக்கிட்டது" என்று படித்தார்:

"'கார்த்திகை பத்தொன்பது. தோணிக்காரர் பொறையன் கூறியது: கீழ்க்கரைக் கல் ஒன்றுகூட மேற்கரைக் கல்லோடு சேராது. இந்த ஊரில் அது தெரிந்தவன் நான் ஒருவன். செங்கணிக்கே தெரியாது.' ஐயா, இதைக் கேட்டுத்தான் நான் கல்லை வண்டியில ஏத்தினேன்."

செங்கணி என்னைப் பார்த்தாள். ஒரு வசவு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"கரைக்கு விடும்" என்றாள்.

விட்டேன். பத்தடியில் நிறுத்தவில்லை, படித்துறையை நோக்கியே ஊன்றினேன். படிக்குப் பத்தடி இருக்கும்போது அவள் எழுந்து, தோணி ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரில் இறங்கி, சேலையைத் தூக்காமல் நனைந்தபடி நடந்து போனாள்.

மாசி 17

ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டேன். வேறு வேலை இல்லை.

மாசி 18

எழுதிவிடுகிறேன்.

கார்த்திகை பத்தொன்பது அன்று ஞானதிரவியம் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "உங்களுக்கு இந்தச் சங்கீதம் தெரியுமா ஐயா?" எழுபத்தொரு வயதில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் அதைக் கேட்டார். தெரியும் என்று காட்ட வேண்டியிருந்தது. கல் சேராது என்று சொன்னேன். சேராது என்பது உண்மை. ஏன் சேரக் கூடாது என்பதையும் சொல்ல வாய் எடுத்தேன். அப்போது தோணி கீழ்க்கரையை நெருங்கிவிட்டது. செங்கணி படியில் நின்று யாரோடோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டேன். அவள் கல்லில் ஒரு குறை இருக்கிறது என்று வெளியூர்க்காரர் ஒருவர் நினைத்துக்கொண்டு இறங்கட்டும் என்று விட்டேன்.

அராவுவார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். இதையும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இதுவும் உண்மை.

மாசி 19

காலையில் ஓரனும் செங்கணியும் வந்தார்கள். என் வீட்டுக்கு அவள் வந்தது இதுவே முதல் தடவை. உட்காரவில்லை. ஞானதிரவியம் நேற்றே இருபதாம் தேதி வேலையை நிறுத்தி வைத்துவிட்டதாக ஓரன் சொன்னார். ஐந்து கல் தப்பியது. நான்குக்கு என்ன வழி?

ஓரம் அராவினால் கல்லின் சுருதி ஏறும். வயிற்றைச் செதுக்கினால் இறங்கும். கீழ்க்கரைக் கல் நான்கையும் வயிற்றில் செதுக்கிப் பழையபடி தாழ்த்தலாம் என்றேன்.

"ரெண்டாவது கல்லு வயித்துல வெள்ளை நரம்பு ஓடுது. உளி பட்டா ரெண்டாப் போவும்" என்றாள் செங்கணி. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஓரன் சொன்னார்: "அப்ப என் கல்லை அராவுங்க. அவளது எவ்வளவு ஏறிச்சோ, என்னது நாலும் அவ்வளவு ஏறட்டும். நடுவுல இருக்கிற எடவெளிதானே வேணும்?"

நானும் செங்கணியும் அன்று முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்தோம். மேற்கரைக் கல்லின்மேல் அரம் வைப்பதா? சரியென்று வாரியமே எழுதிக் கொடுத்த கல்லின்மேல்? நான் முடியாது என்றேன். பத்துத் தலைமுறைக் கை என்றேன். கத்தினேன் என்று நினைக்கிறேன்.

"ஏம்ப்பா, கல்லு என்னுது. நீ எதுக்குக் கத்துற?" என்றார் ஓரன்.

அப்படிச் செய்தால் தாழ்ந்த நான்கு கல்லும் இரு கரையிலும் ஒரு இழை உயர்ந்தே நிற்கும். பாட்டின் சாயல் கொஞ்சம் மாறும். அலைவு திரும்பும். நான் இரண்டு மணி நேரம் வாதாடினேன். கடைசியில் சரி என்றேன். தன் கல் சரியென்று பெயர் வாங்கிய மறுமாதமே அதை மாற்றக் கொடுக்கிறார் ஒரு மனிதர். இந்தத் தீவில் நான் கண்ட பெரிய கல்லாளி யார் என்று இதுவரை வேறு ஒரு பெயர் சொல்லிவந்தேன். இன்றிலிருந்து இரண்டு பெயர்.

எவ்வளவு அராவினால் போதும் என்று யார் சொல்வது? கருவிக்கு நடுத்தண்ணீர் தெரியாது. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நடுவுல நின்னு நீரு கேட்டுச் சொல்லும்" என்றாள் செங்கணி. "அதுக்கு முன்னால வேற ஒண்ணு சொல்லணும். தோணியில நின்னு இல்ல. கரையில ஏறி."

"அப்புறம் அந்த நாலு கல்லை வாசிக்க..."

"கல்லை நீரு தொடப் போறதில்ல. அந்தப் பேச்சு வேண்டாம்."

இதை நான் ஏற்கவில்லை. ஏற்கவில்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

மாசி 20

செய்ய வேண்டியவை.

ஞானதிரவியம்: அறிக்கையில் "பிழை திருத்தப்பட்டது" என்ற வரியை அடித்துவிட்டு, நான்கு கற்கள் வாரியத்தால் கெட்டன என்று எழுத வேண்டும். அராவும் ஆசாரியை இருபத்திரண்டாம் தேதிக்குள் மேற்கரைக்கு அனுப்ப வேண்டும். கருவிப்பெட்டியைக் கொண்டுவரக் கூடாது. அவர் வரலாம், தோணியில் இடம் உண்டு.

ஆசாரி: ஓரத்தில் மட்டும் அரம் வைக்க வேண்டும். பத்து இழுப்புக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டும். நடுத்தண்ணீரிலிருந்து நான் துணியை ஆட்டிச் சைகை காட்டாமல் பதினோராவது இழுப்பு கூடாது.

ஓரன்: கல்லைத் தானே கயிற்றிலிருந்து எடுத்துத் தானே திரும்பக் கிடத்த வேண்டும். மனம் மாறினால் சொல்லிவிட வேண்டும். யாரும் குறை சொல்லக் கூடாது.

தாமரை: அராவல் நடக்கும் நாளெல்லாம் கீழ்க்கரைக் கல்லைத் தட்டிக் கொடுக்க வேண்டும்.

செங்கணி: நாள் முழுதும் என்னோடு நடுத்தண்ணீரில் இருக்க வேண்டும். எனக்குப் பிறகும் ஒரு காது அதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக அல்ல. அவளுக்கு அது உரிமை என்பதற்காக. என்னோடு பேச வேண்டிய கட்டாயம் இல்லை.

இரு கரையும்: இனிமேல் கல்லில் உட்காரப் போகிற எவரையும் முதலில் நடுத்தண்ணீருக்குக் கூட்டிப்போய்க் கேட்க வைக்க வேண்டும்.

நான்: நாளைக் காலை கீழ்க்கரைப் படியேறி, கற்குழிக்கு முன்னால் நின்று, கல் சேராது என்று சொன்னவன் நான், ஏன் சேரக் கூடாது என்று தெரிந்தும் சொல்லாமல் விட்டவன் நான் என்று சொல்ல வேண்டும். மேற்கரைக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். காரணம் கேட்டால் அதையும் சொல்ல வேண்டும்.